கடற்கரை இரும்புச் சிற்பத்துக்குத் தனி நிபந்தனை தேவை

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

ஆக்கர் கடை எனப்படும் பழைய இரும்புக் கடை இரும்பில் சிற்பம் செய்து பூங்காக்களில் நிறுத்தும் வழக்கம் தமிழகம் எங்கும் பரவி வருகிறது. மனதார வரவேற்கிறோம். ஆனால் குமரி மாவட்டத்தில் ஒப்பந்தப்புள்ளி கோரும்போது உயரத்தையும் எடையையும் மட்டும் எழுதினால் போதாது. கடலுக்குத் தள்ளி உள்ள குலசேகரத்தில் நிலைக்கிற வேலை கடலோர முட்டத்தில் நிலைக்காது.

காரணம் உப்பு. காற்றில் வந்து ஒட்டும் உப்பு, ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். மழை படும் மேல்பக்கத்தில் அது கழுவிப் போய்விடும். தகட்டின் அடிப்பக்கத்திலும் மடிப்புக்குள்ளும் உப்பு சேர்ந்துகொண்டே இருக்கும். குனிந்து பார்த்தால் பெயிண்ட் முதலில் கொப்புளித்திருப்பது அங்கேதான். தலைவர் சிலையில் விரல் நுனி அரித்தாலும் ஆளை அடையாளம் தெரியும். ஆள் உருவம் இல்லாத அரூபச் சிற்பத்திலோ விளிம்பும் வளைவும்தான் சிற்பமே; அவை அரித்தால் மிச்சம் ஒன்றுமில்லை.

சென்னை அருகே உள்ள சோழமண்டலம் கலைஞர் கிராமமும் கடற்கரைதான். அங்கே சிற்பிகள் ஜானகிராமும் நந்தகோபாலும் செம்பு, பித்தளையில் வேலை செய்தார்கள். செம்பு பச்சை பிடிக்கும், ஆனால் இரும்புபோல் செதில் செதிலாக உதிராது. துரு நிறம் வேண்டும் என்று கார்ட்டன் எஃகு கேட்பவர்கள் உண்டு. சிகாகோவில் 1967-ல் நிறுவிய பிக்காசோ சிற்பம் அந்த எஃகுதான். நனைந்து நனைந்து உலரும்போது அதன் துருப்படலம் இறுகிக் காப்பாகிறது. உப்புக்காற்றில் அது இறுகாது, உரிந்து விழும். பீடத்துக் கருங்கல்லிலும் பழுப்புக் கறை வழியும். கடலோரத்தில் அதை வைக்கவே கூடாது என்பது எங்கள் கருத்து.

துருப்பிடிக்காத எஃகு கேட்கும்போது எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று மொட்டையாக எழுதினால் 304 என்ற சாதாரண ரகம் வந்து இறங்கும், அதில் பழுப்புப் புள்ளி விழும். 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உலோகம் கலந்த 316எல் ரகம் என்று எழுத வேண்டும். வெல்டிங் ராடும் அதே ரகம். வெல்டிங் ஓரத்து நீலக் கருப்பை பிக்லிங் பேஸ்ட் என்ற அமிலப் பசை போட்டு எடுத்து நன்றாகக் கழுவ வேண்டும். சாதா இரும்பைத் தேய்த்த பிரஷும் கிரைண்டிங் வீலும் அதன்மேல் படவே கூடாது.

சாதா இரும்பானால், புள்ளிப் புள்ளியாக வெல்டிங் வைக்காமல் சுற்றிலும் தொடர்ச்சியாக வைக்க வேண்டும். விட்ட இடுக்கில் உப்புநீர் புகும். கிண்ணம்போல் மேல்நோக்கிய பகுதிக்கெல்லாம் 10 மில்லிமீட்டர் வடிகால் துளை. கூர்விளிம்பில் பெயிண்ட் நிற்காது, 2 மில்லிமீட்டராவது மழுக்க வேண்டும். துகளை வேகமாக அடித்துத் துரு நீக்கும் பிளாஸ்டிங்கை எஸ்ஏ 2½ என்ற சுத்த அளவுக்கு முடித்து 4 மணி நேரத்துக்குள் ஜிங்க் எபாக்சி பிரைமர், பிறகு எபாக்சி, கடைசியில் பி.யூ. (பாலியூரித்தேன்) பெயிண்ட். மொத்தம் 250 மைக்ரானுக்குக் குறையாமல், மீட்டர் வைத்து அளந்தே வாங்க வேண்டும்.

பழைய வண்டிப் பாகங்களில் ஆபத்தும் உண்டு. லீஃப் பிளேட் (வில்பட்டை), கியர் போன்றவற்றில் கார்பன் அதிகம். முன்கூட்டிச் சூடாக்கி, ஓவனில் உலர்த்திய 7018 ரக வெல்டிங் ராடால் ஒட்டி, மெதுவாக ஆறவிடாவிட்டால் வெல்டிங் ஓரத்திலேயே விரிசல் விடும். ஷாக் அப்சார்பரைத் திறக்காமல் நெருப்புக் காட்டினால் வெடிக்கும். ஜிங்க் பூச்சையும் குரோம் பூச்சையும் தேய்த்து எடுக்காமல் வெல்டிங் வைத்தால் வரும் புகை விஷம்.

பராமரிப்புக்கும் ஒப்பந்தத்தில் பணம் ஒதுக்க வேண்டும்: மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரால், குறிப்பாக அடிப்பக்கத்தை, கழுவுவதற்கு. ஆனி, ஆடிக் காற்றில் வாரம் ஒருமுறை.

இப்படிக்கு,
உலோகச் சிற்ப, வெல்டிங் தொழிலாளர்கள்,
நாகர்கோவில்.