பெலவேந்திரருக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். நவம்பர் 30 வந்தால் இயேசுவின் சீடர் புனித அந்திரேயா திருவிழா. எங்கள் பாட்டிக்கு அவர் பெலவேந்திரர்தான், அந்திரேயா என்றால் யார் என்று கேட்பார். தங்கச்சிமடத்தில் ஜூலை மாதம் சந்தியாகப்பர் (புனித யாக்கோபு) திருவிழா எப்படி நடக்கும் என்று உங்களுக்கே தெரியும், படம் போட்டுச் செய்தி வெளியிடுகிறீர்கள், ஆனால் இவருக்கு ஒரு வரிகூட வருவதில்லை. சரி, குறை சொல்ல இதை எழுதவில்லை.

அன்றைய திருப்பலியில் மத்தேயு நற்செய்தி 4ஆம் அதிகாரம் வாசிப்பார்கள். பேதுருவும் அவருடைய சகோதரர் அந்திரேயாவும் கடலில் வலை வீசிக்கொண்டிருக்கும்போது இயேசு கூப்பிடுகிறார், வலையை விட்டுவிட்டுப் போகிறார்கள். ஊர்ப் பிரசங்கங்களில் இதைச் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறார்கள். வலை வாங்கக் கடன்பட்டவனுக்குத்தான் தெரியும், அதைக் கரையில் போட்டுவிட்டு நடப்பது என்றால் என்னவென்று. நவம்பர் கடைசியில் இங்கே வாடைக்காற்று, புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் படகெல்லாம் கரையில்தான், அப்புறம் அந்த வாசகம் வேறு மாதிரி காதில் விழும்.

எனக்குப் பிடித்தது யோவான் 6ஆம் அதிகாரத்து அந்திரேயா. ஐயாயிரம் பேர் பசியோடு இருக்க, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பையனைக் கண்டுபிடித்துச் சொன்னவர் அவர்தான், சொல்லிவிட்டு இது எப்படிப் போதும் என்றும் கேட்டார். இரண்டு சூடை மீனோடு வீடு திரும்பும் நாளில் என் மனைவி கேட்பதும் அதேதான்.

இப்படிக்கு,
ஒரு மீனவ வாசகர், பாம்பன்