ஒன்பதாம் பெட்டிக்கு என்ன ஆனது?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி மேலாண்மை மென்பொருட்களைப் பற்றி உங்கள் நாளிதழின் தொழில்நுட்பப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். ட்ரெல்லோ, ஆசானா, ஜிரா ஒவ்வொன்றிலும் என்னென்ன வசதி இருக்கிறது, எது யாருக்குப் பொருந்தும் என்று பொறுமையாக விளக்கியிருந்தீர்கள். பயனுள்ள கட்டுரைதான். ஆனால் ஒரு விஷயம் அதில் விடுபட்டுப்போனது. நாளை என்ன செய்ய வேண்டும் என்று குறித்துக்கொள்ளும் இடமாக மட்டுமே அது இந்த மென்பொருட்களைப் பார்க்கிறது. நேற்று என்ன செய்தோம், ஏன் அப்படிச் செய்தோம் என்று எழுதி வைக்கும் இடமும் அதுதான் என்பதைச் சொல்லவில்லை. அதை மறந்தால் என்ன ஆகும் என்று பட்டுத் தெரிந்துகொண்டவள் நான்.

ஒரு பழைய நூலகத்தின் பட்டியல் அட்டைகளைக் கணினியில் ஏற்றும் பணிக்கு நான் பொறுப்பு. மொத்தம் 71 பெட்டிகள், பெட்டிக்கு 200 வீதம் 14,200 அட்டைகள். என்னையும் சேர்த்து ஐந்து பேர். தொடங்கிய நாளிலேயே பெட்டிக்கு ஒரு டாஸ்க் என்று மென்பொருளில் 71 டாஸ்க் போட்டோம். யாருக்கு எந்தப் பெட்டி, எந்தத் தேதிக்குள் என்று எல்லாம் அதில் இருந்தது. வேலை முடிந்தால் ‘முடிந்தது’ என்று டிக் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். திரையில் பார்க்க ஒழுங்காக இருந்ததால் வேலையும் ஒழுங்காக நடக்கிறது என்றே நம்பினேன்.

மூன்றாம் மாதம் எங்கள் குழுவில் ஒருவர் குடும்பக் காரணமாக விலகினார். அவர் முடித்த பெட்டிகளைச் சரிபார்க்க உட்கார்ந்தபோது ஒன்பதாம் பெட்டியில் சிக்கினேன். டிக் அடித்திருக்கிறது. பெட்டியில் 200 அட்டை இருக்கிறது. கணினியில் 154 பதிவுதான் இருக்கிறது. மீதி 46 அட்டைகளின் மூலையில் சிவப்புப் பென்சிலால் ஒரு சிறு கோடு. அந்தக் கோட்டுக்கு என்ன பொருள் என்று எங்களில் யாருக்கும் தெரியவில்லை. தேடியதில் இன்னும் எட்டுப் பெட்டிகளில் அதே கோடு கிடைத்தது.

போனில் அவரிடம் கேட்டேன். கொஞ்சம் நினைவிருந்தது. ஒரே நூலுக்கு இரண்டு அட்டைகள் இருந்து, பதிப்பு ஆண்டு மட்டும் மாறினால் என்ன செய்வது என்று தலைமை நூலகரிடம் கேட்டிருக்கிறார். ஒரே பதிவாக்கி, இரண்டாவதை அதன் பிரதியாகக் காட்டிவிடுங்கள் என்று வாய்மொழியாகப் பதில் வந்திருக்கிறது. சிலவற்றை அப்படியே சேர்த்துவிட்டார், சிலவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருக்கிறார். சேர்த்தது எது, விட்டது எது என்று சிவப்புக் கோட்டை வைத்துப் பிரிக்க முடியாது. கடைசியில் இரண்டு பேர் அலமாரியிலிருந்து நூல்களையே எடுத்து, பதிப்புப் பக்கத்தைப் பார்த்து, நூல் பதிவேட்டோடு ஒப்பிட்டார்கள். அதற்குப் பதினொரு நாள் ஆனது. பார்த்து முடித்த பிறகு அந்த முடிவே பாதி தவறு என்று தெரிந்தது. சில நூல்களில் இரண்டாம் பதிப்பில் புதிதாக அத்தியாயங்கள் சேர்ந்திருந்தன. அவற்றைப் பிரதி என்று காட்டவே கூடாது. குறிப்பிட்ட பதிப்பைத் தேடி வரும் ஒருவரிடம், அலமாரியில் இருக்கும் நூலையே இல்லை என்று எங்கள் பட்டியல் சொல்லியிருக்கும். பதினொரு நாள் போனதைவிட இதுதான் என்னை அதிகம் வருத்தியது.

அந்த நண்பர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கவனமாக வேலை செய்தவர் அவர். முடிவை எழுதி வையுங்கள் என்று நான் அவரிடம் கேட்கவில்லை, எழுதுவதற்கு ஓர் இடமும் ஒதுக்கவில்லை. தப்பு என்னுடையது.

வேலைகளைத் தேதிவாரியாகப் பட்டைகளாகக் காட்டும் கான்ட் வரைபடம் என்று இன்று இத்தகைய மென்பொருட்கள் பலவற்றில் வருகிறதே, அதைப் பற்றி அப்போதுதான் படித்தேன். 1910களில் ஹென்றி கான்ட் தொழிற்சாலைகளுக்காக வரைந்த அந்தப் பட்டைகள், எவ்வளவு வேலை நடக்க வேண்டும் என்பதோடு எவ்வளவு நடந்தது என்பதையும் அதே தாளில் காட்டின. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் எங்கே தடங்கல் என்று தெரியும். இன்றைக்கு நாம் முதல் பாதியை வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியை ஒரு டிக்கில் முடித்துவிடுகிறோம்.

ஒன்பதாம் பெட்டிக்குப் பிறகு இரண்டு விஷயங்களை மாற்றினோம். முதலாவது, நாலு வரி எழுதாமல் எந்த டாஸ்க்கையும் மூடக் கூடாது. இருபத்து மூன்றாம் பெட்டியில் ஒரு தோழி எழுதியதை அப்படியே தருகிறேன்: “198 அட்டை பதிவாகிவிட்டது. 2 அட்டையில் பதிப்பு ஆண்டு அழிந்திருக்கிறது, நூலை எடுத்துப் பார்க்க வேண்டும். அதற்குத் தனி டாஸ்க் போட்டிருக்கிறேன். ஆசிரியர் பெயருக்கு முன்னால் இருந்த தலைப்பெழுத்தைப் பின்னால் மாற்றினேன், முடிவு 4-இன்படி. பென்சில் குறி எதுவும் போடவில்லை.” இதில் அலங்காரம் எதுவும் இல்லை. ஆனால் ஆறு மாதம் கழித்து யார் வந்து படித்தாலும் அந்தப் பெட்டியின் நிலை புரிந்துவிடும்.

அதில் வரும் ‘முடிவு 4’ தான் இரண்டாவது மாற்றம். மென்பொருளில் டாஸ்க்குகள் வரிசையாகத் தெரியும் பலகையில் ‘முடிவுகள்’ என்று தனியாக ஒரு பத்தி (நெடுவரிசை) வைத்தோம். என்ன கேள்வி எழுந்தது, என்னென்ன வழிகளை யோசித்தோம், யார் முடிவெடுத்தார், எந்தத் தேதியில், எதனால் என்பதை அங்கே எழுத வேண்டும். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. மென்பொருள் எழுதுபவர்களிடம் இந்தப் பழக்கம் உண்டு. சூழல், முடிவு, அதன் நிலை, விளைவு என்று சிறு சிறு குறிப்புகளாக எழுதி வைக்கலாம் என்று 2011இல் மைக்கேல் நைகார்ட் முன்வைத்த முறை அவர்களிடையே நன்றாகப் பரவியிருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பழைய முடிவை அழிக்கக் கூடாது என்பது. மாற்றினால் புதிதாக ஒன்று எழுதி, பழையதில் ‘இது இப்போது நடைமுறையில் இல்லை’ என்று குறிக்க வேண்டும். எதனால் மனம் மாறினோம் என்பதும் அங்கேயே இருந்துவிடும்.

இப்படி எழுத ஆரம்பித்ததும் திட்டமிடலும் சரியானது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு நாளைக்கு 200 அட்டை என்று கணக்குப் போட்டு, 71 வேலை நாளில் முடிப்போம் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். முடித்த டாஸ்க்குகளின் தேதிகளை வரிசையாகப் பார்த்தால் உண்மையில் 130தான் நடந்திருக்கிறது. அப்படியானால் 109 நாள் ஆகும். ஏன் குறைகிறது என்பதையும் அந்த நாலு வரிக் குறிப்புகளே காட்டிக்கொடுத்தன. தட்டச்சில் தாமதம் இல்லை. ஒரே ஆசிரியரின் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருப்பதைச் சரிபார்ப்பதில்தான் நேரம் போகிறது. ஒருவரை முழுநேரமும் பெயர்ப் பட்டியலுக்கே போட்டோம். குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால் எல்லோரையும் வேகமாக வேலை செய்யச் சொல்லித்தான் கேட்டிருப்பேன்.

இன்னொன்றும் அப்போது கண்ணில் பட்டது. ஒரே சமயத்தில் 13 பெட்டிகள் திறந்து கிடந்தன. வாரத்துக்கு மூன்றேகால் பெட்டிதான் முடிகிறது என்றால், திறந்த பெட்டி ஒவ்வொன்றும் மூடச் சராசரியாக நாலு வாரம் ஆகும். ஜான் லிட்டில் 1961இல் நிரூபித்த எளிய கணக்கு இது. நாலு வாரத்துக்கு முன் ஓர் அட்டையை ஏன் ஒதுக்கி வைத்தோம் என்பது யாருக்கு நினைவிருக்கும்? ஆறு பெட்டிக்கு மேல் திறக்கக் கூடாது என்று கட்டுப்பாடு வைத்ததும் அது இரண்டு வாரத்துக்குள் வந்துவிட்டது. குறிப்பு எழுதுவதும் எளிதானது, நினைவு மங்குவதற்குள் எழுதிவிட முடிகிறது.

எழுதிக்கொண்டே இருந்தால் வேலை எப்போது நடக்கும் என்று எங்கள் குழுவிலேயே கேட்டார்கள். நியாயமான கேள்வி. நாலு வரிக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் 71 பெட்டிக்கும் சேர்த்து ஆறு மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் இழந்தது இரண்டு பேரின் பதினொரு நாள். சிரமம் நேரத்தில் இல்லை, பழக்கத்தில்தான் இருந்தது. அதிலும் வாட்ஸ்அப்தான் பெரிய தடை. கேள்வியும் பதிலும் அங்கேயே ஓடி முடிந்து, மறுநாள் நூறு செய்திகளுக்கு அடியில் போய்விடுகிறது. அங்கே என்ன பேசினாலும் சரி, முடிவு என்று ஒன்று வந்தால் அதைக் கேட்டவரே டாஸ்க்கில் எழுத வேண்டும் என்று வைத்துக்கொண்டோம்.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த முறை இந்த மென்பொருட்களைப் பற்றி எழுதும்போது, உள்ளே எழுதியதை வெளியே எடுக்க முடியுமா என்று சோதித்து எழுதுங்கள். டாஸ்க்கின் பெயரும் தேதியும் மட்டும் வந்தால் போதாது. கீழே எழுதிய கருத்துகளும் இணைத்த கோப்புகளும் வருகின்றனவா? செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டு வைக்கப் பலரும் விரும்பிப் பயன்படுத்திய வுண்டர்லிஸ்ட் செயலியை மைக்ரோசாஃப்ட் 2015இல் வாங்கியது, 2020 மே மாதம் அது மூடப்பட்டது. எந்த மென்பொருளுக்கும் அந்த நாள் வரலாம். சிஎஸ்வி கோப்பாக (அட்டவணையை வெறும் எழுத்தாகச் சேமிக்கும் கோப்பு) இறக்கி எக்செல்லில் திறந்தால் தமிழ் எழுத்துகள் சில நேரம் குப்பைக் குறிகளாகத் தெரியும். எழுத்துக் குறியாக்க முறையை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறந்தால் சரியாகிவிடும். இது தெரியாமல், எல்லாம் போய்விட்டது என்று நாங்கள் ஒரு மாலை முழுக்கக் கலங்கிப்போனோம். மற்றவர்களுக்கு அந்தக் கலக்கம் வேண்டாம் என்பதால் சொல்கிறேன். இப்போது மாதக் கடைசியில் எல்லாவற்றையும் இறக்கி, இரண்டு இடத்தில் சேமிக்கிறோம்.

நாங்கள் இப்போது ஐம்பத்திரண்டாம் பெட்டியில் இருக்கிறோம். விலகியவர் இடத்துக்குப் போன மாதம் ஓர் இளைஞர் வந்தார். அவருக்கு நான் எதையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே முடிவுகள் பத்தி முழுவதையும் ஒரு காலைப் பொழுதில் படித்து முடித்திருந்தார். பிறகு என்னிடம் வந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இரண்டு பேர் சேர்ந்து எழுதிய நூலுக்கு முடிவு 4 எப்படிப் பொருந்தும், மேடம்?” நாங்கள் யாரும் அதை யோசிக்கவில்லை. ஐந்து பேரும் உட்கார்ந்து பேசினோம். அவரே எழுதினார், முடிவு 17.

அன்புடன்,
நூலகப் பட்டியல் பணியில் இருக்கும் உங்கள் வாசகி