முற்றத்துக் கல் இடுக்குகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். கற்கள் நன்றாகத்தான் இருக்கின்றன. இடுக்குகளில்தான் பழைய சிமென்ட் பெயர்ந்து, புல் முளைத்து, எறும்பு மண் தள்ளியிருக்கிறது. "மேலாகக் கலவையைப் பூசிவிடட்டுமா அப்பா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். சீக்கிரமே பொருக்குப் பொருக்காகக் கழன்று வந்துவிடும்.

முதலில் ஒவ்வொரு கல்லின் மூலையிலும் ஏறி நின்று பார். ஆடினால் அடியில் பிடிமானம் போய்விட்டது என்று அர்த்தம். அந்தக் கல்லைக் கிளப்பி, அடியில் கலவை போட்டு மட்டமாக உட்கார வை. அதைச் செய்யாமல் இடுக்கை மட்டும் அடைத்தால், நடக்க நடக்க விரிசல் விடும்.

அப்புறம் சுரண்டுவது. அலுப்பான வேலை, ஆனால் முக்கால்வாசி வேலையே இதுதான். உளியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு, குறைந்தது 25, 30 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பழைய கலவையை எடு. புல்லை வேரோடு பிடுங்கு. உளியைக் கல் பக்கம் சாய்க்காதே, ஓரம் தெறித்துவிடும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம்.

கலவைக்கு 4 பங்கு மணல், 1 பங்கு சிமென்ட். ஏமாற்றுவது தண்ணீர்தான். கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்துப் பிசை. ஒரு பிடி எடுத்து அமுக்கினால் உருண்டையாக நிற்க வேண்டும், விரல் இடுக்கில் தண்ணீர் கசியக் கூடாது. குழைவாக இருந்தால் கல்லெல்லாம் அப்பிக்கொள்ளும். கையுறை போட்டுக்கொள், சிமென்ட் தோலைப் புண்ணாக்கிவிடும்.

நான் முதல் தடவை என்ன செய்தேன் தெரியுமா? மணலையும் சிமென்டையும் உலர்வாகவே கலந்து துடைப்பத்தால் இடுக்குகளில் தள்ளி, மேலே தண்ணீர் தெளித்தேன். இவ்வளவு சுலபமா என்று பெருமை வேறு. கல்லிலோ முந்தின நாள் மழை ஈரம். காலையில் பார்த்தால் முற்றம் முழுக்கத் திருநீறு பூசினாற்போல் கறை. உன் அம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுகிறாள்.

அதனால் நீ கொத்தனார் பூசும் கரணையால் கலவையைக் கொஞ்சம் கொஞ்சமாகவே திணி. முதலில் பாதி ஆழம், நன்றாக அமுக்கு, பிறகு மீதி. சும்மா தூவி விட்டால் உள்ளே பொந்து விழும். இடுக்கின் இரு பக்கமும் ஒட்டு நாடா ஒட்டிக்கொண்டால் கல் தப்பிக்கும். சிந்தியதை உடனே துடைத்துவிடு. 5 மில்லிமீட்டருக்கும் குறுகலான இடுக்குகளில் கலவை இறங்காது. அங்கே நன்றாக உலர்ந்த பொடி மணலைக் கூட்டித் தள்ளினால் போதும்.

சுட்டெரிக்கும் வெயிலில் ஆரம்பிக்காதே. ஒரு நாளாவது மழை படாமல், யாரும் மிதிக்காமல் பார்த்துக்கொள். முழு முற்றத்தையும் ஒரே மூச்சில் முடிக்க நினைக்காமல், யார் கண்ணிலும் படாத மூலையில் ஒரு முழம் செய்து பார்.

சரி, எத்தனை கல் ஆடுகிறது என்று பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணு.

அன்புடன்,
அப்பா