கம்ப்யூட்டர் ஒன்று போதும், குழாய் ஸ்பீக்கரை நன்றாகக் கட்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. தொண்டிப் பக்கம் உங்கள் ஊரிலும் மீனவருக்குக் கடல் நிலவரம் சொல்லும் தகவல் மையம் வருகிறது என்பதில் ரொம்ப சந்தோஷம். ஆனால் பணத்தில் முக்கால்வாசி கம்ப்யூட்டருக்கே போவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒன்று போதும். மிச்சத்தைக் குழாய் ஸ்பீக்கரில் போடு. 1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் தொடங்கிய திட்டத்தில், வீராம்பட்டினத்து மையம் அலை உயரத்தை இணையத்தில் எடுத்து ஸ்பீக்கரில்தான் சொன்னது. 2004 சுனாமியன்று புதுச்சேரிப் பக்கத்து நல்லவாட்டுக்குச் சிங்கப்பூரிலிருந்து போனில் செய்தி வந்தது. ஊரைக் கிளப்பியது மையத்து ஸ்பீக்கர். பாம்பனில் கடல் ஓசை 90.4 வானொலி இருக்கிறதே என்பாய். அதுபோன்ற சமுதாய வானொலிக்குப் பொதுவாக 100 வாட்தான் அனுமதி, உங்கள் கரைக்கு எட்டாது.

60 வாட் ஆம்ப்ளிபயர், குழாய்க்குப் பின்னால் சத்தம் எழுப்பும் 30 வாட் யூனிட் இரண்டு. 16 ஓம் யூனிட் இரண்டையும் இணையாகக் கோத்தால் 8 ஓம். மையத்திலிருந்து கம்பம் 100 மீட்டர் என்றால், ஒன்றரை சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியே போக வர 2.3 ஓம் வரும். சத்தத்துக்குப் போக வேண்டிய சக்தியில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கம்பியிலேயே சூடாகிப் போகும். அதனால் கம்பியில் கரண்ட் குறைவாகப் போகும்படி 100 வோல்ட் லைன் எடுத்து, ஒவ்வொரு யூனிட்டுக்கும் டிரான்ஸ்பார்மர் போடச் சொல். ரேடியோ செட்காரருக்கு இது பழக்கமான வேலைதான்.

கம்பத்தைக் கரையின் வடக்குக் கோடியில் நட்டு, குழாயை ஊர்ப் பக்கம் திருப்பு. காற்றை எதிர்த்துப் போகும் சத்தம் மேலே வளைந்துவிடும், கூடப் போவது தரையோடு வரும். வடக்கிலிருந்து வீசும் வாடைக் காலம்தானே நமக்கு ஆபத்து. தெற்கிலிருந்து வரும் சோழகக் காற்றுக்கு இரண்டாவது குழாயைத் தெற்கே கட்டு. அலுமினியக் குழாய்க்குச் சாதா இரும்பு போல்ட் வேண்டாம், உப்புக்காற்றில் அரித்துவிடும்; எவர்சில்வர் போல்ட் போடு. குழாயின் வாய் கொஞ்சம் கீழ்நோக்கி இருக்கட்டும், இல்லாவிட்டால் மழைநீர் யூனிட்டுக்குள் இறங்கும். ஆம்ப்ளிபயருக்குத் தனி பேட்டரி வை. நாளுக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் பேசினால் 4 ஆம்பியர்-மணிதான் செலவாகும். புயலில் கரண்ட் போனாலும் 12 வோல்ட், 40 ஆம்பியர்-மணி பேட்டரி பாதி இறங்கவே ஐந்து நாள் ஆகும்.

என்ன படிப்பது என்பதில்தான் அதிகம் தவறுகிறது. ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் நிறுவனமான இன்காய்ஸின் முன்னறிவிப்பில் காற்றின் திசை என்றால் வருகிற திசை, நீரோட்டத்தின் திசை என்றால் போகிற திசை. இரண்டையும் ஒரே மாதிரி வாசித்தால் நீவாடு, அதாவது நீரோட்டம், தலைகீழாகிவிடும். காற்று 15 நாட் என்பது மணிக்கு 28 கிலோமீட்டர்; எண்ணோடு அலகையும் சொல்ல வேண்டும். அலை ஒன்றரை மீட்டர் என்றால் எல்லா அலைகளிலும் உயரமான மூன்றில் ஒரு பங்கின் சராசரி அது. இடையில் மூன்று மீட்டர் அலையும் எழலாம் என்று சேர்த்தே சொல். வடகடலா (பாக் விரிகுடா) தென்கடலா (மன்னார் வளைகுடா) என்பதை முதலில் சொல்லிவிடு, வாடையா கச்சானா (மேற்குக் காற்றா) என்பதை நம் பேச்சிலேயே சொல்.

மீன் கூடும் இடத்து அறிவிப்பை உங்கள் பக்கம் பெரிதாக நம்ப வேண்டாம். செயற்கைக்கோள் பார்ப்பது நீரின் சூட்டையும் நிறத்தையும். பாக் விரிகுடாவின் ஆழமில்லாத கலங்கல் நீர் அந்த நிறக் கணக்கைக் குழப்பும், மேகம் மூடினால் அதுவும் கிடைக்காது. பாசி எடுக்கப் போகும் பெண்களுக்கு நீர் வற்றும் நேரத்தைப் பலகையில் எழுதிப் போடு.

மையத்துக்கும் கரைக்கும் எத்தனை மீட்டர் என்று அளந்து எழுது. கம்பிக் கணக்கைப் போட்டு அனுப்புகிறேன். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பாம்பனிலிருந்து உன் நண்பன்