ஐரோப்பாவுக்கு இரண்டு ஊர் போதும்

கும்பகோணம்

அன்புள்ள சுந்தரம்,

இங்கு அனைவரும் நலம். நீயும் தங்கை கமலாவும் பிள்ளைகளும் நலமாக இருக்கிறீர்கள் என்பதை உன் கடிதத்தால் அறிந்தேன். சம்பா நடவு முடிந்து முதல் களையும் எடுத்தாகிவிட்டது என்று எழுதியிருந்தாய். இந்த அடைமழை வயலில் தேங்காமல் வடிந்துவிட்டால் கவலையில்லை.

அடுத்த கோடையில் குடும்பத்தோடு ஐரோப்பா போய்வர வேண்டும் என்ற உன் எண்ணம் எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தந்தது. தேன்மொழி பத்தாம் வகுப்புத் தேர்வை முடித்திருப்பாள், மேல்நிலை வகுப்பின் நெருக்கடி இன்னும் தொடங்கியிராது, அருளும் பெற்றோருடன் வருவதை விரும்புகிற வயதில்தான் இருக்கிறான். நால்வரும் சேர்ந்து போக இதைவிட நல்ல தருணம் இனி எளிதில் வாய்க்காது. ஆகவே போவதா வேண்டாமா என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நீ அனுப்பிய ஊர்ப்பட்டியலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன்: பத்தே நாளில் லண்டன், பாரிஸ், பிரஸ்ஸல்ஸ், ஆம்ஸ்டர்டாம், சுவிட்சர்லாந்தின் இன்டர்லாக்கன், வெனிஸ், ரோம் என்று ஏழு ஊர்களைப் பார்ப்பது நடக்கிற காரியமன்று.

பெட்டி கட்டி, அறையைக் காலிசெய்து, ரயில் நிலையம் சேர்ந்து, அடுத்த ஊரில் இறங்கி விடுதியைக் கண்டுபிடிப்பதற்குள் அரை நாள் போய்விடும். அப்படியே சேர்ந்தாலும் பெரும்பாலான விடுதிகளில் பிற்பகல் இரண்டு, மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டார்கள். ஆறு முறை ஊர் மாறினால் மூன்று முழு நாள்கள் பெட்டியோடு கழியும். பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது. அதற்குத் தனி விசா, தனிக் கட்டணம். என் துணிபு இதுதான்: பாரிஸில் ஐந்து இரவு, இன்டர்லாக்கனில் நான்கு இரவு, நடுவில் ஒரே ஒரு ரயில் பயணம். விமானச் சீட்டையும் போகும்போது பாரிஸுக்கும் திரும்பும்போது சூரிச்சிலிருந்தும் எடுத்துவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதில்லை.

மே மாத நடுவில் புறப்படுவது நல்லது. இங்கே கத்தரி வெயில் கொளுத்தும்போது அங்கே இதமான வசந்தம். பாரிஸில் இரவு ஒன்பது மணிக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறந்தால் உனக்குக் குறுவை வேலை தலைக்கு மேல் இருக்கும் என்பதால், மே முடிவதற்குள் நீ மன்னார்குடி திரும்பியிருக்க வேண்டும். பம்புசெட் தண்ணீரில் நாற்று விடுவதை மட்டும் உன் மைத்துனர் பொறுப்பில் விட்டுவிட்டுப் போகலாம்.

விசாவைப் பற்றித்தான் நீ அதிகம் யோசிக்க வேண்டும். அதிக நாள் தங்கும் நாட்டின் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பதால் உனக்கு பிரான்ஸ். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். முடிவு தெரிய வழக்கமாகப் பதினைந்து நாள், சில வேளைகளில் நாற்பத்தைந்து நாள் வரை ஆகும். பன்னிரண்டு வயது நிரம்பியவர்களுக்கு முழுக் கட்டணமாகிய 90 யூரோ உண்டு, கைரேகையும் பதிய வேண்டும். அதாவது அருளும் சென்னைக்கு வந்தாக வேண்டும், தேன்மொழியும் வந்தாக வேண்டும். மார்ச்சில் அவளுக்குப் பொதுத்தேர்வு தொடங்கிவிடும் என்பதால் பிப்ரவரியிலேயே இதை முடித்துவிடு. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடும் கட்டாயம்.

இதில் நம்மைப் போன்ற விவசாயக் குடும்பங்களுக்கு ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால் வருமானவரிக் கணக்கு மட்டும் உன் வசதியைக் காட்டாது. சம்பா அறுவடை முடிந்து கொள்முதல் நிலையத்துப் பணம் வங்கியில் ஏறுவதும் நீ விண்ணப்பிக்கிற அதே நேரத்தில்தான் நடக்கும். காவிரிப் படுகையின் பருவக் கணக்கு தெரியாத ஓர் அதிகாரிக்கு, அது பயணத்துக்காக யாரிடமோ கைமாற்று வாங்கிப் போட்ட தொகையாகத் தோன்றலாம். எனவே பட்டா, சிட்டா, அடங்கல், நெல் போட்ட ரசீதுகள் ஆகியவற்றை ஆங்கில மொழிபெயர்ப்போடு இணைத்து, ஆண்டுக்கு எந்தெந்த மாதங்களில் உனக்கு வருமானம் வருகிறது என்பதை விளக்கி ஒரு பக்கக் கடிதமும் வை. முந்தைய ஆண்டுக் கணக்கிலும் அதே மாதங்களில் பணம் ஏறியிருப்பதைச் சுட்டிக்காட்டினால் ஐயத்துக்கு இடமிராது.

பாரிஸில் ஒரு நாளைக்கு ஓர் அருங்காட்சியகத்துக்கு மேல் வேண்டாம். லூவர் செவ்வாயன்றும் ஓர்சே திங்களன்றும் மூடியிருக்கும். இரண்டிலும் பதினெட்டு வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமில்லை. லூவருக்கு நேரம் முன்பதிவு செய்துகொண்டு, இரண்டு மணி நேரத்தில் வெளியே வந்துவிடுங்கள். நாங்கள் போயிருந்தபோது எங்கள் பிள்ளைகள் ஓவியங்களுக்கு முன்னால் சோர்ந்துபோய்ச் சுவரோரம் உட்கார்ந்தார்கள்; அதே பிள்ளைகள் ஐஃபல் கோபுரத்தில் இரண்டாம் தளம் வரையுள்ள 674 படிகளையும் எண்ணிக்கொண்டே ஏறினார்கள், நாங்கள் மூச்சு வாங்கி நின்ற இடங்களில் மேலிருந்து எட்டிப்பார்த்து எங்களைக் கூப்பிட்டார்கள். அந்த வயதுக்குக் கால்களால் அறிவதுதான் பிடிக்கிறது. ஆகவே ஒரு நாளைத் தேன்மொழியிடமும் இன்னொரு நாளை அருளிடமும் முழுமையாக ஒப்படைத்துவிடு; எங்கே போவது, எந்த மெட்ரோவில் ஏறுவது, எங்கே சாப்பிடுவது எல்லாவற்றையும் அவர்களே முடிவு செய்யட்டும், நீங்கள் இருவரும் பின்னால் நடந்தால் போதும். காலையில் அவர்கள் எட்டு மணி வரை தூங்கினால் எழுப்பாதே. மாலை வெளிச்சம்தான் நீளமாக இருக்கிறதே.

சாப்பாட்டுக்குக் கமலா கவலைப்பட வேண்டாம். சமையலறையுள்ள வாடகை வீடாக எடுத்துக்கொண்டால் இரவுக்குச் சோறு வடித்துக்கொள்ளலாம். தயிர் எந்தக் கடையிலும் கிடைக்கும். பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோகலாம். நெய், பால்கோவா, பச்சைக் கறிவேப்பிலை ஆகியவற்றைக் கொண்டுபோகக் கூடாது. அங்கேயே லாசப்பல் பகுதியில் ஈழத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கின்றன, கறிவேப்பிலையும் முருங்கைக்காயும் அங்கே வாங்கலாம். அருகில் மாணிக்க விநாயகர் ஆலயமும் இருக்கிறது.

பாரிஸிலிருந்து சுவிஸ் நகரமான பாசலுக்கு அதிவேக ரயிலில் மூன்று மணி நேரம், அங்கிருந்து இன்டர்லாக்கனுக்கு இரண்டு மணி நேரம். அந்நாட்டு ரயில், பேருந்து, படகுகளில் செல்லும் சுவிஸ் பயண அட்டையைப் பெற்றோர் வாங்கினால், உடன் வரும் பதினாறு வயது நிரம்பாத பிள்ளைகளுக்கு இலவசம். உன் பிள்ளைகள் இருவருக்கும் இந்தச் சலுகை பொருந்தும். ஆயினும் 3,454 மீட்டர் உயரத்திலுள்ள யுங்ஃபிராவ்யோக் மலை ரயில் நிலையம் வரை அந்த அட்டை செல்லாது, மேலே போகத் தனியாகக் கணிசமான தொகை கட்ட வேண்டும். பனியைத் தொட வேண்டும் என்று பிள்ளைகள் ஆசைப்படுவார்கள், கட்டாயம் அழைத்துப் போ. ஆனால் சீட்டை முன்கூட்டி வாங்காமல், மலையுச்சியின் நேரடிக் காட்சியைக் காலையில் இணையத்தில் பார்த்து, வானம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டும் புறப்படு. மற்ற நாள்களில் லாட்டர்புருனன் அருவிகளுக்கும், மோட்டார் வண்டிகள் ஓடாத மூரன் கிராமத்துக்கும் போகும் பயணமும், பிரியன்ஸ் ஏரிப் படகும் அந்த அட்டைக்குள்ளேயே அடங்கிவிடும்.

வெனிஸும் ரோமும் விட்டுப்போகின்றனவே என்று நீ வருந்துவாய். அவற்றுக்குத் தனியாக ஒரு பயணம் வைத்துக்கொள்ளலாம். இப்போது முதலில் செய்ய வேண்டியது, நான்கு பாஸ்போர்ட்டுகளையும் எடுத்துப் பார்ப்பது. சிறுவர் பாஸ்போர்ட் ஐந்தாண்டுகளுக்குத்தான் செல்லும். ஷெங்கன் நாடுகளை விட்டு வெளியேறிய பின் இன்னும் மூன்று மாதமாவது அது செல்லுபடியாக வேண்டும். அருளுடையது எப்போது முடிகிறது என்று பார்த்து எழுது. புதுப்பிக்க வேண்டியிருந்தால் கார்த்திகைக்குள் விண்ணப்பித்துவிடலாம்.

அன்புடன்,
கணேசன்