கல்லடியிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுறன். அப்பா பக்கத்தில நின்றால் போனில நான் வாய் திறக்கமாட்டன் என்று உனக்குத் தெரியும். "லேசான காய்ச்சல்தான், படுத்தெழும்பினால் சரி" என்று மெசேஜ் போட்டாய். அதுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. பள்ளிக்கூட வேலை கூடவாக்கும் என்று அப்பாவுக்குச் சொல்லி வைச்சிருக்கன். நுளம்பு வலை கட்டிப் படுக்கிறாய்தானே?

போன ஞாயிறு போதகர் ஐயா உன்ட பேரைச் சொல்லிச் செபம் பண்ணினார். மலாவியில எங்கட பிள்ளை ஒருத்தி பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கா என்று அவர் சொல்லக்குள்ள, சபை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரியம்மா கண்ணைத் துடைச்சா. நான் நிமிர்ந்துதான் இருந்தன். அங்க 2017இல சட்டத்தைத் திருத்தி, 18 வயதுக்கு முன்னம் கலியாணம் கூடாது என்று வைச்சும் சின்னப் பிள்ளைகளைக் கட்டிக் குடுக்கிறது நிற்கயில்லை என்று நீ சொன்னாயே. தண்ணி அள்ளவும் தம்பி தங்கச்சியைத் தூக்கவும் வீட்டில மறிச்சு வைச்ச பிள்ளைகள் இப்ப உன்ட வாங்கில இருந்து எழுதுதுகள். அதுக்காக நான் ஒவ்வொரு நாளும் ஆண்டவருக்கு நன்றி சொல்லுறன்.

நீ போன நாளில இருந்து யாழ்ப்பாணத்து உடுவில் பள்ளிக்கூடத்தின்ட கதையைத்தான் வாசிக்கிறன். அமெரிக்க மிஷனரி ஹரியட் வின்சுலோ அம்மா 1819இல பொஸ்டனில கப்பலேறக்குள்ள 23 வயது. உன்னைவிடச் சின்னவ. 1824இல உடுவிலில விடுதிப் பள்ளிக்கூடம் துடங்கினா. பொம்பிளைப் பிள்ளைக்கு எழுத்தெதுக்கு என்று கேட்ட காலம். படிச்சு முடிக்கிற பிள்ளைக்குச் சீதனம் தருவம் என்று மிஷன் சொல்லவேண்டி இருந்தது. சீதனம் என்றதும் உன்ட வீடுதான் ஞாபகம் வருகுது. வாடகைக்கு ஆக்கள் வந்து கேட்கிறாங்க, குடுக்கயில்லை. கிழமைக்கொருக்காக் கூட்டித் துடைக்கிறன். உன்ட வீடு, நீ எப்ப வந்தாலும் உன்ட வீடு.

அந்த அம்மா 1833இல, 36 வயதில, இஞ்சயே கண்ணை மூடினா. எங்கட மெதடிஸ்ட் மிஷனரி வில்லியம் ஓல்ட் ஐயாவும் அப்படித்தானே. 1814இல மட்டக்களப்பில வந்து இறங்கினார், எட்டு மாதத்துக்குள்ள பள்ளிக்கூடங்களைத் திறந்துபோட்டு 1815 ஏப்ரலில போயிட்டார். முந்தி அவர்ட சிலையைக் கடந்து போகக்குள்ள எனக்கு ஒண்டும் தோன்றாது. இப்ப அவரைப் பெத்தவ எத்தினை மாதம் கழிச்சுக் கேள்விப்பட்டிருப்பா என்றுதான் யோசனை ஓடுது.

எலைசா அக்னியூ அம்மா நல்லாத்தான் இருந்தா. 1840இல வந்தவ, 1879 வரைக்கும் உடுவிலைக் கொண்டு நடத்தினா, ஒருக்காலும் அமெரிக்காவுக்குத் திரும்பிப் போகயில்லை. ஆனால் மகள், எட்டு வயதிலேயே மிஷனரியாப் போறது என்று முடிவெடுத்தும், தாய் தகப்பன் கண்ணை மூடும் வரைக்கும் பொறுத்திருந்துதான் அவ கப்பலேறினவ. உன்னைக் குத்திக்காட்ட எழுதயில்லை. எழுதினதை அழிக்கவும் மனமில்லை.

இரத்தம் சோதிச்சாயா? 2016இல இலங்கை மலேரியா இல்லாத நாடு என்று அறிவிச்சாச்சு. உன்ட உடம்புக்கு அந்தக் காய்ச்சல் பழக்கமில்லை. அம்மம்மா படுவான்கரையில கிடந்து நடுங்கினதை நான் கண்ணால பார்த்தவள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிரும், இடையில சுகம் வந்த மாதிரி இருக்கும். அந்தச் சுகத்தை நம்பிப் பள்ளிக்கூடத்துக்கு எழும்பிப் போகாத. அங்கத்தைய மலேரியா மூளைக்கு ஏறுமாம். பனடோலைப் போட்டுக்கொண்டு படிப்பிக்காத.

ஹரியட் அம்மா போன பிறகும் உடுவில் மூடுபடயில்லை. ஏற்று நடத்த மற்ற மிஷன் ஆக்கள் இருந்தாங்க. உனக்குப் பக்கத்தில யார் இருக்கா? அந்த ஊர்ப் பிள்ளை ஒருத்தியிட்டச் சாவியையும் இடாப்பையும் குடுத்துப் பழக்கு. நீ ஒரு மாதம் படுத்தாலும் பள்ளிக்கூடம் நடக்கவேணும். நீ வீட்டுக்கு வந்து நின்றாலும் நடக்கவேணும்.

சோதிச்ச துண்டைப் படம் எடுத்து எனக்கு மட்டும் அனுப்பு, அப்பாட போனுக்கு வேண்டாம். உங்கட நேரம் மூன்றரை மணித்தியாலம் பிந்தித்தானே, எனக்குச் சாமம் என்று பார்க்காமல் எடு. வலையின்ட ஓரத்தை மெத்தைக்குக் கீழ நல்லாச் செருகு.

அம்மா