குங்குமப்பூ கேட்டாயே

அன்புள்ள வாத்துக்கு,

நீ குங்குமப்பூ கேட்டு எழுதி மூன்று மாதம் ஆகிவிட்டது. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். உன் பெண்ணுக்கு மசக்கை தணிந்து நன்றாகச் சாப்பிடுகிறாள் என்று உன் அண்ணி சொன்னாள். சந்தோஷம். என் முட்டிவலி அப்படியே இருக்கிறது. இவர் ஓய்வு பெற்றதிலிருந்து சமையலறை டப்பாக்களுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டிக்கொண்டிருக்கிறார். நலம் விசாரிப்பு முடிந்தது.

தாமதத்துக்குக் காரணம் உன் குங்குமப்பூவேதான், சத்தியமாக. ஒரு பத்திரிகைக்காகப் பௌத்த பிக்குகளைப் பற்றிய ஆங்கிலக் கட்டுரை ஒன்றை மொழிபெயர்த்தேன். 'சாஃப்ரன்' அங்கி என்று வந்தது. அகராதியைக்கூடப் புரட்டாமல் 'குங்குமப்பூச் சாயம் தோய்த்த அங்கி' என்று எழுதி அனுப்பிவிட்டேன். அங்கே வேலை பார்க்கும் ஒரு சின்னப் பெண் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு கேள்வி எழுதித் திருப்பி அனுப்பினாள்: "அம்மா, ஓர் அங்கிக்கு எத்தனை பூ?"

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு பூவுக்கு மூன்றே மூன்று சிவப்பு இழை. (நம் தாவரவியல் மேடம் சூல்முடி, சூல்முடி என்று உயிரை எடுப்பாரே, அதுதான்.) காய்ந்த பிறகு ஒரு கிராம் தேற ஏறக்குறைய 150 பூ வேண்டும். கிலோவுக்கு ஒன்றரை லட்சம். அதுவும் வருஷத்தில் சில வாரங்கள்தான் பூக்கும். காஷ்மீரின் பாம்பூரில் அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும். விடியற்காலையில் குனிந்து ஒவ்வொரு பூவாகக் கிள்ளி, வாடுவதற்குள் இழையைப் பிரித்து உலர்த்த வேண்டும். இந்த லட்சணத்தில் ஒரு மடத்துக்கே அங்கி தோய்க்கக் கிளம்பியிருக்கிறேன் நான்! பிக்குகள் பயன்படுத்தியது பலாமரத்தின் வைரக்கட்டை, மஞ்சள், மரப்பட்டை. நம் சாமியார்களுக்குக் காவி மண். துறவிக்கும் இந்தப் பூவுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், ஆங்கிலத்தில் அந்த நிறத்துக்கு இந்தப் பெயர் விழுந்ததுதான்.

இத்தனைக்கும் தமிழில் தயாராக ஒரு சொல் கிடக்கிறது: துவராடை. சம்பந்தர் பௌத்தர்களைச் சாடும் இடங்களில் வரும். பட்டையை வேகவைத்தால் இறங்கும் அந்தத் துவர்தான் நிறம். வடமொழியிலும் இதே கதை. கஷாயம் என்றால் துவர்ப்பு, அந்தச் சாயம் ஏறிய துணி காஷாயம். சளி பிடித்தால் நீ முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்குகிறாயே, அந்தக் கஷாயமும் சாமியார் வேட்டியும் ஒரே குடும்பம். இது தெரிந்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. இவரை எழுப்பிச் சொன்னேன். "சரி" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அப்புறம் குங்குமம். வடமொழியில் குங்குமம் என்றாலே இந்தப் பூதான். பழைய பாட்டுகளில் தோளிலும் மார்பிலும் குங்குமச் சேறு பூசினார்கள் என்று வரும். நாம் சிரித்துத் தொலைத்து வகுப்புக்கு வெளியே நின்றோமே, ஞாபகம் இருக்கிறதா? அது நெற்றிப் பொடி இல்லையடி, அரைத்த குங்குமப்பூ. நெற்றியில் வைப்பது மஞ்சளில் சுண்ணாம்பு சேர்த்துச் சிவக்க வைத்த பொடி. மஞ்சள் வந்து பெயரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. சொந்தக்காரப் பூவோ, தன்னை அடையாளம் காட்ட 'பூ' என்று ஒரு வாலை ஒட்டிக்கொண்டு நிற்கிறது.

மஞ்சளுக்கு இதே பிழைப்பு போலிருக்கிறது. ஹீப்ரூ மொழியில் 'கர்கோம்' என்றால் குங்குமப்பூ. அதன் உறவுச்சொல்லான 'குர்கும்' அரபியில் மஞ்சளைக் குறிக்கிறது. அதிலிருந்துதான் மஞ்சள் செடிக்குத் தாவரவியலில் 'குர்குமா' என்ற பெயரே வந்தது. மொரிஷியஸில் போய் 'சஃப்ரான்' கேட்டாலும் மஞ்சளைத்தான் நீட்டுவார்கள். அரபியின் 'ஸஃபரான்'தான் ஸ்பெயினில் 'அஸஃப்ரான்', இங்கிலாந்தில் 'சாஃப்ரன்' என்று மேற்கே போனது. சீனர்கள் இதைத் திபெத்துச் செம்பூ என்கிறார்கள். திபெத் வழியாக வந்ததாம், அவ்வளவுதான்; விளைந்தது அங்கே இல்லை.

இந்தியில் கேசர். கேசரம் என்றால் பூவின் இழை, சிங்கத்தின் பிடரியும் அதுவே. நாம் கிண்டும் கேசரிக்கும் அங்கிருந்துதான் பெயர். நம் கேசரியில் என்றைக்காவது ஓர் இழையைப் பார்த்திருக்கிறாயா? எல்லாம் கலர்ப் பொடி. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை தேசியக் கொடியை ஏற்றுக்கொண்ட தீர்மானத்தில் மேல்பட்டையை அடர்ந்த சாஃப்ரன் என்று சொல்லி, அடைப்புக்குறிக்குள் கேசரி என்று போட்டார்கள். தமிழில் நாம் காவி என்கிறோம். ஒரே பட்டை, இந்தியில் பூ, தமிழில் மண்.

என் பிழையை நினைத்து ரொம்ப நொந்துபோயிருந்தேன். ஆறுதல் கிரேக்க நாட்டின் கிரீட் தீவிலிருந்து வந்தது. அங்கே நாஸஸ் என்ற பழங்கால அரண்மனையைத் தோண்டிய தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸுக்குச் சுவரோவியத் துண்டுகள் கிடைத்தன. குங்குமப்பூ பறிக்கும் நீலநிறப் பையன் என்று முடிவுகட்டி, உடைந்த இடங்களையும் அப்படியே வரைந்து பூர்த்தி செய்ய வைத்தார். பிற்பாடு பார்த்தால் அது பையனே இல்லை, குரங்கு. வால்கூட இருந்ததாம். உன் தம்பிக்கு இதைப் படித்துக் காட்டாதே, கோபித்துக்கொள்வான்.

சரி, இப்போது சண்டைக்கு வருகிறேன். குங்குமப்பூ எதற்கு என்று நீ எழுதவில்லை. எழுத வேண்டியதும் இல்லை. என் அம்மா என்னைச் சுமந்தபோது ஒரு நாள் விடாமல் குங்குமப்பூப் பால் குடித்தாள். பலன் நான். விடுதியில் மின்சாரம் போனால், "பல்லைக் காட்டுடி, எங்கே இருக்கேன்னு தெரியட்டும்" என்பாய். எல்லோரையும் முந்திக்கொண்டு நான்தான் சிரிப்பேன். நாற்பது வருஷமாகக் கடிதத்துக்கு அடியில் 'கரிக்கட்டை' என்று நானே கையெழுத்துப் போடுகிறேன். அந்தச் சிரிப்பில் பாதிக்கு மேல் நடிப்பு, வாத்து.

அம்மா கடைசிவரை என்ன நம்பினாள் தெரியுமா? விற்றவன் ஏமாற்றிவிட்டான், அது போலி என்று. அசல் கிடைத்திருந்தால் நான் வேறு மாதிரி பிறந்திருப்பேனாம். கலப்படச் சரக்கின் விளைவு என்று என் காதுபடச் சொல்லித்தான் வளர்த்தாள். 1444இல் ஜெர்மனியின் நியூரம்பர்க்கில் குங்குமப்பூவில் கலப்படம் செய்தவனை அவன் சரக்கோடு சேர்த்து எரித்தார்கள் என்று படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மாவின் முகம்தான் வந்தது.

பிள்ளையின் நிறம் பெற்றவர்கள் கொடுக்கும் மரபணு. பாலில் மிதக்கிற இழைக்கு அங்கே வேலையே இல்லை. அந்தச் செடிக்கே விதை பிடிக்காது, தெரியுமா? குரோமோசோம் இரண்டு தொகுதிக்குப் பதில் மூன்று, அதனால்தான். மனிதர்கள் கிழங்கைப் பிரித்து நட்டால்தான் அதற்கு அடுத்த தலைமுறை. அது உன் பேரப்பிள்ளையின் நிறத்தைக் கவனிக்கப் போகிறதா?

ஆனாலும் அனுப்பியிருக்கிறேன், இரண்டு கிராம் டப்பா. வாசனைக்காகக் குடிக்கட்டும், நல்ல வாசனை. இரண்டு மூன்று இழை போதும். அதிகமானால் கர்ப்பத்துக்கு ஆகாது, டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள். நெய்யில் போடாதே, நிறம் இறங்காது. வெதுவெதுப்பான தண்ணீரிலோ பாலிலோ ஊறவிடு. தண்ணீர் மெல்ல மெல்லப் பொன்னிறமாக வேண்டும், இழை சிவப்பாகவே கிடக்க வேண்டும். போட்டவுடனே குபீரென்று சிவந்து இழை வெளுத்தால் சாயம். கொட்டிவிட்டு எனக்கு எழுது.

பிள்ளை பிறந்ததும் எடை எவ்வளவு, யார் மூக்கு, ராத்திரி தூங்குகிறதா, எல்லாம் எழுது. நிறத்தை எழுதாதே. நான் வந்து பார்த்துக்கொள்கிறேன்.

உன்
பழைய அறைத்தோழி

பி.கு.: டப்பாவின் மேல் இவர் 'காவி' என்று எழுதி ஒட்டிவிட்டார். கிழித்துப் போடு.